அப்பா மரம் வெட்டுகிறார்

கிரேக்க மொழி வகுப்பில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். 'என் பள்ளி வாழ்க்கை', பத்து வாக்கியம். அவர் தெசலோனிக்கியில் இருக்கிறார். நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு ஊரில். வாரத்தில் ஒருநாள் இணையத்தில் கூடுவோம். கவாஃபியை என்றாவது மூலத்தில் படித்துவிட வேண்டும் என்ற ஆசையில் சேர்ந்தவன் நான். மூன்று மாதத்தில் கவாஃபி இருந்த இடத்திலேயே இருந்தார். நான்தான் 'இது மேசை, அது நாற்காலி' வரைக்கும் வந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்கோலியோ. பழைய கிரேக்கத்தில் ஓய்வு என்று பொருள்படும் ஸ்கோலி என்ற சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் ஸ்கூல் ஆனதும் அதுதான். பிழைப்பு வேலை இல்லாத நேரத்தில் செய்வதுதான் படிப்பு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆசிரியை இதைச் சொன்னபோது ஐந்து பேருமே சிரித்துவிட்டோம். யாருக்கும் பள்ளிக்கூடம் ஓய்வாக இருந்த ஞாபகம் இல்லை.

நான் எழுதிய பத்து வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது. என் பள்ளி பெரியது. எனக்கு நிறைய நண்பர்கள். ஆசிரியர்கள் நல்லவர்கள். எனக்குக் கணக்கு பிடிக்கும். காலையில் பஸ்ஸில் போகிறேன். என் அப்பா அலுவலக ஊழியர்.

எங்களுக்கு அப்போது நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். அதனால் இறந்து ஒன்பது வருடமான அப்பா என் கிரேக்கத்தில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதுவும் அவர் பார்க்காத வேலைக்கு. அப்பா ஒரு ஸ்டோரில் ஜாகாவாக இருந்தவர். இரவு முழுக்க விழித்திருந்து காலையில் நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வருவார். ஜாகாவுக்குக் கிரேக்கத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தில் இருந்தது டாக்டர், ஆசிரியர், சமையல்காரர், ஓட்டுநர், அப்புறம் 'இபாலிலோஸ்'. அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். நான் இபாலிலோஸை எடுத்துக்கொண்டேன்.

வாசித்து முடித்ததும் ஆசிரியை "பிராவோ" என்றார்.

கணினியை மூடிய பிறகுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. பொய்தானே சொன்னேன்? உடனே ஒரு சமாதானமும் வந்தது. மொழி படிக்கிறவன் உண்மையானதைச் சொல்வதில்லை, சொல்ல முடிந்ததைச் சொல்கிறான். அது எப்படிப் பொய்யாகும்? நல்ல சமாதானம்தான். ஆனால் இதே சமாதானத்தைச் சொல்லியிருக்க வேண்டிய ஒருவன் எனக்கு ஞாபகம் வந்தான். அவனுக்கு நாங்கள் அதைச் சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை.

படிவம் ஒன்றில் அவன் என் வகுப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். மலாய்மொழியில் புள்ளி போதாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்ததால் எங்களைவிட ஒரு வயது மூத்தவன். நானும் தமிழ்ப்பள்ளிதான், ஆனால் டவுன் பள்ளி. யூபிஎஸ்ஆரில் மலாய் தப்பித்துவிட்டதால் நேராகப் படிவம் ஒன்றுக்கு வந்தவன். அந்த ஒரு வருட வித்தியாசம் அப்போது எனக்கு மலை மாதிரி தெரிந்தது.

முதல் வாரம் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் மலாயில் சொல்ல வேண்டும். அவன் எழுந்தான். பேர் சொன்னான், ஊர் சொன்னான். பிறகு, "அயா சாயா போத்தோங் போக்கோக்" என்றான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை அங்கே மரம் வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். 'அப்பா மரம் வெட்டுறாரு' என்பது சுத்தமான தோட்டத்துத் தமிழ். அதை அவன் சொல்லுக்குச் சொல் மலாயில் வைத்தான். மலாயில் அதற்கு மரத்தை அடியோடு சாய்க்கிறார் என்று அர்த்தம். பால் எடுப்பதற்கு அங்கே மெனோரே கெத்தா என்று வேறு சொல் இருக்கிறது. ஆசிரியர் நல்லவர்தான். பலகை ஆலையா, காட்டு வேலையா என்று உண்மையாகவே கேட்டார். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. திரும்பவும் "போக்கோக்" என்றான், கையால் வெட்டிக் காட்டினான். வகுப்பு சிரித்தது. தமிழ்ப்பையன்கள் நாங்கள் நாலு பேர்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தோம். அவன் சொன்னது புரிந்ததும் எங்கள் நாலு பேருக்குத்தான். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அவனோடு சேர்த்து எங்களையும் எண்ணிவிடுவார்களோ என்ற பயம். அன்றிலிருந்து அவன் பேர் போக்கோக்.

கேலிப்பெயருக்கு ஆயுள் கெட்டி. இன்றைய கிரேக்கத்தில் டியூஷன் சென்டருக்கு ஃப்ரோந்திஸ்தீரியோ என்று பெயர். ஊருக்கு ஊர் போர்டு தொங்கும். கி.மு. 423இல் அரிஸ்டோஃபனீஸின் 'மேகங்கள்' நாடகம் அரங்கேறியபோது, சாக்ரடீஸைக் கிண்டலடிக்க அவருடைய பள்ளிக்கு வைத்த பெயர் இது. சிந்தனைக் கடை என்று தமிழில் சொல்லலாம். இருபத்துநான்கு வருடம் கழித்து, கி.மு. 399இல், உயிருக்காக வழக்காட நின்ற சாக்ரடீஸ் அந்த நாடகத்தை எடுத்துச் சொல்கிறார். என் மேல் இப்போது குற்றம் சாட்டுகிறவர்களைவிட, நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிருந்தே என்னைப் பற்றிக் கதை கட்டியவர்கள்தான் பயங்கரமானவர்கள் என்கிற பொருளில் பேசியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். கொட்டகையில் சிரித்தவர்கள் அன்றைக்கு யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள்.

சில மாதம் கழித்து லிசான் வந்தது. வாய்மொழித் தேர்வு. குடும்பத்தைப் பற்றித் திரும்பவும் பேச வேண்டும். அவன் எழுந்து, "அயா சாயா கெராணி" என்றான். தடுமாற்றமே இல்லை. கெராணி என்றால் குமாஸ்தா. தோட்டத்தில் நாம் கிராணி என்போமே, அதே சொல். இரண்டு மொழியிலும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த வேலைப்பெயர் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதே சமயம் தோட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று மரியாதை கொடுக்கும் தமிழரும் கிராணிதான்.

நான் கையைத் தூக்கினேன். "டியா போஹோங், சிக்கு." இவன் பொய் சொல்றான், டீச்சர்.

நான் சொன்னது உண்மை. அவன் சொன்னது பொய். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கணக்கு எனக்குள் இப்படியேதான் கிடந்தது. இபாலிலோஸ்தான் அதைக் கலைத்தது.

பிளேட்டோவின் 'சிறிய ஹிப்பியாஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு விசித்திரமான வாதத்தை வைக்கிறார். பொய் சொல்ல வல்லவன் யார்? விஷயம் தெரிந்தவன்தான். கணக்குத் தெரிந்தவன் நினைத்தபோதெல்லாம் தவறான விடையைச் சொல்ல முடியும். தெரியாதவன் பொய் சொல்ல நினைத்தாலும் தற்செயலாகச் சரியான விடையைச் சொல்லிவிடலாம். ஆகவே பொய் ஒரு திறமை, அது இல்லாதவன் பொய்யனாகக்கூட ஆக முடியாது. அந்த வாதம் போய்ச் சேரும் இடம் சாக்ரடீஸுக்கே பிடிக்கவில்லை. ஆனால் மொழி படிக்கிறவனுக்கு இது அப்படியே பொருந்துகிறது. உண்மையைச் சொல்லும் வசதி இருந்தும் வேறொன்றைச் சொல்கிறவன்தான் பொய்யன். அவனிடம் அந்த வசதி இல்லை. ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தான், அது வேறொன்றாகப் போய் விழுந்தது.

அரிஸ்டாட்டிலும் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியை இங்கேதான் தொடங்குகிறார். விரும்பிச் செய்ததற்குப் பாராட்டு அல்லது பழி, விரும்பாமல் செய்ததற்கு மன்னிப்பு, சில சமயம் இரக்கம். நம் பக்கத்தில் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வேறொரு அளவுகோலைக் கொடுக்கிறார். பிறருக்குத் தீங்கு தராத சொல் எதுவோ அதுதான் வாய்மை என்கிறார். அந்த அளவுகோலை எங்கள் வகுப்பறையில் வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. கிராணி என்ற சொல் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. போஹோங் என்ற சொல் செய்தது.

இதோடு முடித்துக்கொண்டால் எனக்கும் சௌகரியம், அவனுக்கும் நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

ஜாகாவுக்குக் கிரேக்கத்தில் ஃபீலாகஸ். கைப்பேசியில் தேடினால் பத்து விநாடி. வீட்டுப்பாடம் செய்ய எனக்கு ஏழு நாள் இருந்தது. கணக்குப் பாடத்துக்கும் பஸ்ஸுக்கும் அகராதி பார்த்த நான் அப்பாவுக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை? உண்மையைச் சொன்னால், இபாலிலோஸ் கேட்க நன்றாக இருந்தது. மொழி தெரியாததன் மறைவில் ஒரு பழைய கூச்சம் உட்கார்ந்துகொண்டது. அவனும் மெனோரே கெத்தாவை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இடையில் சில மாதம் இருந்ததே. அவன் கிராணியைத் தேர்ந்ததில் ஆசையும் இருந்திருக்கலாம். சொல் இல்லாததும் கூச்சமும் ஒன்றாகவே வருகின்றன. எது எவ்வளவு என்று சொல்கிறவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

படிவம் ஒன்றில் நான் என் அப்பாவைப் பற்றி என்ன சொன்னேன் தெரியுமா? 'பெங்காவால் கெசெலாமாத்தான்.' பாதுகாவலர். ஜாகாவேதான், ஆனால் தொப்பியும் சின்னமும் வைத்த ஜாகா. யாரும் சிரிக்கவில்லை. மொழி தெரிந்தவனால் உண்மைக்கும் நல்ல சட்டை மாட்டி அனுப்ப முடிகிறது. தெரியாதவனுக்கு இருப்பது இரண்டே வழி. அம்மணமான உண்மை, அல்லது இரவல் சட்டையில் ஒரு பொய். முதல் வழியில் வந்தபோது நாங்கள் சிரித்தோம். இரண்டாவது வழியில் வந்தபோது நான் காட்டிக்கொடுத்தேன்.

சொந்த மொழியைப் பள்ளிக்கு வெளியே விட்டுவிட்டுப் போகும் கூச்சம் கிரேக்கர்களுக்கும் தெரியும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். 1976 வரை அங்கே பள்ளிக்கும் அரசாங்கத்துக்கும் காதரேவூசா என்ற தூய நடைதான் அதிகாரபூர்வ மொழி. வீட்டில் பேசுவது திமோதிக்கி. நம் செந்தமிழ், பேச்சுத்தமிழ் மாதிரி, ஆனால் சண்டை இன்னும் கடுமை. ரொட்டிக்கு வீட்டில் ப்ஸோமி, தூய நடையில் ஆர்த்தோஸ். தண்ணீருக்கு நெரோ, தூய நடையில் ஈதோர். வீட்டில் ப்ஸோமி தின்றுவிட்டு வந்த பிள்ளை கட்டுரையில் ஆர்த்தோஸ் தின்றதாக எழுத வேண்டும். அந்த வருடம் சட்டம் மாறி வீட்டுமொழி வகுப்பறைக்குள் வந்தது. இன்றைக்கும் கடை வாசலில் ஆர்த்தோபொலியோ என்று போர்டு இருக்கும், உள்ளே போய் ப்ஸோமி என்றுதான் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிரேக்கப் பிள்ளைகளும் தங்கள் பள்ளி வாழ்க்கையைத் தங்களுடையதல்லாத கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர்களை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. வகுப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதினால் அதற்குப் பேர் நல்ல நடை. ஒருவன் மட்டும் எழுதினால்தான் பொய்.

அடுத்த வருடம் எங்களுக்கு இறந்தகாலம் வந்தது. ஆசிரியை அதே தலைப்பைத் திரும்பக் கொடுத்தார். இந்த முறை அவனைப் பற்றி எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியம். வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு மொழி நன்றாகத் தெரியாது. நாங்கள் சிரித்தோம்.

கடைசி வாக்கியத்தில் ஆசிரியை நிறுத்தினார். கிரேக்கத்தில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவம். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஆவோரிஸ்தோஸ். பழக்கமாக நடந்ததற்கும் நீண்டுகொண்டே இருந்ததற்கும் பாராதாதிகோஸ். ஒருமுறை சிரித்தோம் என்றால் யெலாசமே. வழக்கமாகச் சிரித்தோம் என்றால் யெலூசமே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால்தான் வாயைத் திறக்க முடியும். நான் யெலாசமே என்று எழுதியிருந்தேன்.

"ஒரு தடவையா, தினமுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது இலக்கணம்தான்.

இந்தக் கேள்வியை என்னை அதுவரை எந்த மொழியும் கேட்டதில்லை. தமிழில் 'சிரித்தோம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒருமுறையா, ஒரு வருடமா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. வேண்டுமானால் 'தினமும் சிரிப்போம்' என்று நாமாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடந்த மலாயிலோ வினைச்சொல்லுக்குள் காலமே கிடையாது. நண்பர்களிடம் இந்தக் கதையை ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன், "சின்ன வயசுல ஒருத்தன ஓட்டுனோம்டா" என்று. கேட்டவர்கள் ஒரு மதியத்தைக் கற்பனை செய்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மதியம் இல்லை. அவன் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு நிற்கும்வரை மூன்று வருடம்.

"தினமும்" என்றேன். "அப்படியென்றால் யெலூசமே" என்று திருத்திவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவு சுலபமாக அதை நான் ஒப்புக்கொண்டதை நம்பிவிடக் கூடாது என்றும் தோன்றுகிறது. ஆல்பர்ட் கோஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிடலாமா என்ற பழைய கேள்வியைச் சிலரிடம் தாய்மொழியிலும் சிலரிடம் கற்ற மொழியிலும் கேட்டார்கள். கற்ற மொழியில் கேட்கப்பட்டவர்களில் அதிகம் பேர் தள்ளிவிடலாம் என்றார்கள். கற்ற மொழி உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. தள்ளிவிடச் சுலபமாக இருக்கும் மொழியில் ஒப்புக்கொள்வதும் சுலபமாகத்தான் இருக்கும். யெலூசமே என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் 'டியா போஹோங், சிக்கு' என்று தட்டச்சு செய்தபோது அடைத்தது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பொய்யா, உண்மையா என்று நான் இவ்வளவு நாள் பேசுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைகுறை மொழியில் உண்மை ஒருவரால் சொல்லி முடிக்கக்கூடிய காரியம் இல்லை. கேட்கிறவரும் பாதி வேலை செய்ய வேண்டும். 'போத்தோங் போக்கோக்' என்று அவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் நாலு பேர் கையில் இருந்தது. 'ரப்பர் மரம், சிக்கு' என்று ஒருவன் சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் முழுமையாகியிருக்கும். கிராணிக்கு அவசியமே வந்திருக்காது. ஒரு தடவையா, தினமுமா என்று என் ஆசிரியை கேட்டாரே, அந்த மாதிரி ஒரு கேள்வி. சிரிப்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி. இன்றைக்கு நம்மூர்க் கடைகளிலும் கட்டுமான இடங்களிலும் வங்காளத்துக்காரர்களும் நேப்பாளத்துக்காரர்களும் உடைந்த மலாயில் தங்கள் வாழ்க்கையை நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நம் கையில் இருக்கிறது.

கிரேக்கம் படிக்கப் போனால் முதல் நாளே இரண்டு தொடர் சொல்லிக்கொடுப்பார்கள். யாரையாவது இடித்துவிட்டால் சிக்னோமி, மன்னியுங்கள். பதிலுக்கு அவர் சொல்வது தென் பிராஸி, பரவாயில்லை. சிக்னோமியைப் பிரித்தால் உடன் நினைப்பது, இன்னொருவரோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பது. அரிஸ்டாட்டில் மன்னிப்புக்குப் பயன்படுத்துவதும் இதன் பழைய வடிவத்தைத்தான். தென் பிராஸியில் இருக்கும் வினைச்சொல் பிராஸோ. அதற்குத் தொந்தரவு செய்வது என்று பொருள். ஒருவனைக் கிண்டலடிப்பது, ஓட்டுவது என்றும் பொருள்.

முதலாவது தொடரை நான் இப்போது பிழையில்லாமல் சொல்வேன். இரண்டாவதை வகுப்பில் பயிற்சிக்காக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அது நான் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை. அவன் சொல்ல வேண்டியது. சொல்லாமலும் இருக்கலாம்.

அப்பாவைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் திருத்தி அனுப்பினேன். ஓ பத்தேராஸ் மூ இத்தான் ஃபீலாகஸ். என் அப்பா காவல்காரராக இருந்தார். ஆசிரியை இந்த முறை பிராவோ சொல்லவில்லை. "எதற்குக் காவல்?" என்று கேட்டார்.